மோட்டார்ப் புகையும் பிராணவாயு உணர்கருவியும்

சென்ற கோடை விடுமுறையில் என் சிறிய தகப்பனார் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவரிடம் பத்தாண்டு உழைத்த பெட்ரோல் கார் ஒன்று உண்டு. சில வாரங்களாக அதற்கு ஒரு நோய் கண்டிருந்தது. ஓட்டுபவரின் எதிரேயுள்ள பலகையில் இயந்திரத்தின் உருவம் தீட்டிய மஞ்சள் விளக்கு ஒன்று அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. பெட்ரோல் செலவு நாளுக்கு நாள் மிகுந்தது. வண்டியின் பின்னே நின்றால் வேகாத பெட்ரோலின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. பழுது பார்க்கும் நிலையத்தார் ஒரு சிறு கணினியை வண்டியில் பொருத்திப் பார்த்து, "கலவையில் பெட்ரோல் குறைவாக இருக்கிறதென்று ஆக்ஸிஜன் சென்ஸார் சொல்லுகிறது" என்றனர். நாற்றமோ பெட்ரோல் மிகுதி என்கிறது. கருவியோ குறைவு என்கிறது! ஆகவே கருவிதான் கெட்டுவிட்டதெனத் தீர்மானித்துப் புதியதொன்றை மாட்டி, அதற்குரிய தொகையையும் பெற்றுக்கொண்டனர். மூன்றாம் நாள் அம்மஞ்சள் விளக்கு மீண்டும் எரிந்தது. பழைய கருவி சொன்னதையே புதிய கருவியும் சொல்லிற்று.

"தம்பி, நீ கல்லூரியில் இரஸாயனம் படிக்கிறாயே, இது என்ன கருவியென்று எனக்குச் சொல்லு" என்றார் சிறிய தகப்பனார். எனக்கு நாணமாக இருந்தது. அக்கருவி நெர்ன்ஸ்ட் சமன்பாட்டினால் இயங்குவது என்பது மட்டும் நினைவிற்கு வந்தது. அச்சமன்பாட்டைப் பரீட்சைக்காக நெட்டுருப் பண்ணியிருந்தேனேயன்றி, அது வீதியிலே ஓடும் வண்டியில் என்ன வேலை செய்கிறதென்று ஒருநாளும் சிந்தித்தவனல்லேன். அன்று சொல்ல இயலாததைப் பின்னர் கற்றறிந்து ஈண்டு எழுதலானேன்.

முதலில் மோட்டார் வண்டியின் மூச்சைப் பற்றிச் சிறிது கூறுவோம். பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும். காற்றிலோ ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே பிராணவாயு. ஒரு கிலோகிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிந்து, கரியமில வாயுவும் நீராவியுமாக மாறுவதற்கு ஏறக்குறைய 14.7 கிலோகிராம் காற்று தேவைப்படும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று என்று இதனைக் கணக்கிட்டுக் கொள்ளலாம். காற்று இவ்வளவிற் குறைந்தால் பெட்ரோலின் ஒரு பகுதி முற்றும் எரியாமல், கார்பன் மானாக்ஸைடு என்னும் விஷவாயுவாகவும் ஹைட்ரோகார்பன்களாகவும் புகையிற் கலந்து வெளியேறும். காற்று மிகுந்தால், எரிந்தது போக எஞ்சிய பிராணவாயு புகையோடு வெளிப்படும். அன்றியும், எரியறையின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி நைட்ரஜன் ஆக்ஸைடுகள் உண்டாகின்றன.

இப்புகையினால் விளையும் கேட்டினை முதன்முதலிற் பெரிய அளவில் உணர்ந்த நகரங்களுள் அமெரிக்காவிலுள்ள லாஸ் ஏஞ்சலிஸ் ஒன்று. 1943-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒருநாள் அந்நகரத்தைக் கண்ணெரிக்கும் மூட்டம் ஒன்று சூழ்ந்தது. அஃது யுத்த காலமாதலின், பகைவர் விஷவாயுவை ஏவினரோ என்று அஞ்சினவர்களும் உண்டு. அம்மூட்டத்தின் மூலத்தைக் கண்டறிந்தவர் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்னும் இரஸாயன அறிஞர். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் நகரத்துக் காற்றை ஆராயப் புகுந்தார். புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சூரிய வெளிச்சத்தில் ஒன்றுகூடி ஓஸோன் முதலிய எரிச்சலூட்டும் பொருள்களை விளைவிக்கின்றன என்று அவர் நிலைநாட்டினார். பகைவர் எவரும் வரவில்லை. நகரத்தாரின் சொந்த வண்டிகளும் ஆலைகளுமே அக்கேட்டினை விளைத்தன.

1970-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. அதன் விளைவாக 1975-ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் பெரும்பாலானவற்றிற் புகையைச் சுத்திகரிக்கும் பாத்திரம் ஒன்று பொருத்தப்பட்டது. 'காட்டலிடிக் கன்வர்ட்டர்' என்பது அதன் பெயர். தேன்கூடு போன்ற நுண்ணிய துவாரங்களுள்ள மண்கட்டியின்மேல் பிளாட்டினம் முதலிய அருமையான உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். பின்னர் வந்த மும்முனைப் பாத்திரம் மூவகைக் கேட்டினையும் ஒருங்கே போக்க வல்லது. ஆயினும் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கார்பன் மானாக்ஸைடையும் ஹைட்ரோகார்பன்களையும் போக்குதற்கு அவற்றோடு பிராணவாயுவைச் சேர்த்தல் வேண்டும். நைட்ரஜன் ஆக்ஸைடுகளைப் போக்குதற்கோ அவற்றினின்றும் பிராணவாயுவைப் பிரித்தல் வேண்டும். ஒரே பாத்திரத்தில் கொடுத்தலும் எடுத்தலும் ஒருங்கே நிகழவேண்டுமாயின், புகையில் பிராணவாயு மிகுதலும் ஆகாது, குறைதலும் ஆகாது. அதாவது, இயந்திரத்தினுட் செல்லும் கலவை 14.7 என்னும் அளவினின்றும் இம்மியும் பிசகலாகாது. அவ்வளவில் நிற்பின் மூவகை நஞ்சும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கு ஒழியும். சற்றே விலகினும் ஏதேனும் ஒருவகை நஞ்சு தப்பி வெளியேறும்.

ஓடும் வண்டியில், ஏற்றத்திலும் இறக்கத்திலும், வெயிலிலும் மழையிலும், இத்துணை நுட்பமான அளவை எங்ஙனம் காத்தல் கூடும்? உட்செல்லும் காற்றையும் பெட்ரோலையும் எவ்வளவு கவனமாக அளப்பினும் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டேயிருக்கும். ஆதலின் அறிஞர்கள் வேறொரு வழியை நாடினர். உட்சென்றதை அளப்பதோடு நில்லாமல், வெளிவந்ததையும் சோதித்து, அச்சோதனையைக் கொண்டு உட்செல்வதைத் திருத்துவதே அவ்வழி. அங்ஙனம் சோதிப்பதற்கு அமைந்ததே நாம் எடுத்துக்கொண்ட பிராணவாயு உணர்கருவி.

அதன் அமைப்பினைப் பார்ப்போம். இயந்திரத்திற்கும் சுத்திகரிக்கும் பாத்திரத்திற்கும் இடையே புகைக்குழாயில் ஒரு துளையிட்டு, ஸ்பார்க் பிளக்கைத் திருகுவது போல இக்கருவியைத் திருகியிருப்பார்கள். அதன் நுனியில், ஒரு பக்கம் மூடிய சிறு விரலுறை போன்ற வெண்களிமண் உறுப்பு ஒன்று உண்டு. அது சாதாரணக் களிமண் அன்று. சிர்க்கோனியம் ஆக்ஸைடுடன் சிறிதளவு இட்ரியம் ஆக்ஸைடு கலந்து சுட்டது. அவ்வுறுப்பின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் வாயு ஊடுருவத்தக்க மெல்லிய பிளாட்டினப் பூச்சு உண்டு. வெளிப்புறத்தைப் புகை தழுவிச் செல்லும். உட்புறத்தில் வெளிக்காற்று நிறைந்திருக்கும்.

இட்ரியம் ஆக்ஸைடை ஏன் கலத்தல் வேண்டும்? நமது கல்லூரி மண்டபத்திலே நாற்காலிகள் யாவும் நிறைந்திருக்குமாயின் ஒருவரும் இடம்பெயர இயலாது. சில நாற்காலிகள் காலியாயிருந்தால், அருகிலிருப்பவர் அதில் அமர, அவர் விட்ட இடத்தில் மற்றொருவர் அமர, இவ்வாறே ஒரு கோடியினின்று மறுகோடிவரை நகர்ச்சி உண்டாகலாம். சிர்க்கோனியம் அணு ஒன்று ஈரணுப் பிராணவாயுவுடன் கூடியிருக்கும். இட்ரியம் அணு ஒன்றரை அணுவோடு அமைவது. ஆகவே, சிர்க்கோனியம் இருக்கவேண்டிய இடங்களில் இட்ரியம் புகுந்தால், பிராணவாயு இருக்கவேண்டிய சில இடங்கள் காலியாகின்றன. உறுப்பு 300 பாகை சென்டிகிரேடுக்கு மேல் சூடேறியதும், மின்னேற்றமுற்ற பிராணவாயு அணுக்கள், அதாவது அயனிகள், அக்காலியிடங்கள் வழியே நகரத் தொடங்கும். வாயுவாகப் பிராணவாயு அச்சுவரைக் கடவாது, அயனியாகவே கடக்கும். இதுவே இக்கருவியின் இரகசியம்.

சுவரின் ஒருபுறம் பிராணவாயு மிகுந்த காற்றும், மறுபுறம் அது குறைந்த புகையும் இருப்பின், மிகுந்த இடத்தினின்று குறைந்த இடத்திற்குச் செல்லப் பிராணவாயு விழையும். செல்லவேண்டுமாயின் ஒவ்வொரு மூலக்கூறும் காற்றுப்புறத்துப் பிளாட்டினத்தினின்றும் நான்கு எலெக்ட்ரான்களைப் பெற்று இரண்டு அயனிகளாதல் வேண்டும். புகைப்புறத்தை அடைந்ததும் அந்நான்கினையும் அங்கே விட்டுவிடல் வேண்டும். இவ்விழைவு, இரண்டு பிளாட்டினப் பூச்சுக்களுக்கும் இடையே மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. இருபுறத்துப் பிராணவாயுவின் விகிதம் எவ்வளவோ அதற்கேற்ப மின்னழுத்தமும் அமையும் என்று கூறுவதே நெர்ன்ஸ்ட் சமன்பாடு. 700 பாகைச் சூட்டில், அவ்விகிதம் பதின்மடங்காகும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் ஏறக்குறைய 48 மில்லிவோல்ட் உயரும்.

மாணவ நண்பர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். கலவையிற் காற்று மிகுந்து, புகையிற் பிராணவாயு 2.1 சதவீதம் எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். வெளிக்காற்றில் 21 சதவீதம். விகிதம் பத்து, ஆகவே கருவி காட்டுவது 48 மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டின் இருபதில் ஒரு பங்கினும் குறைவு. இனி, பெட்ரோல் மிகுந்திருப்பதாகக் கொள்வோம். அப்பொழுது புகையிலுள்ள கார்பன் மானாக்ஸைடும் ஹைட்ரஜனும், எஞ்சிய சொற்பப் பிராணவாயுவைப் பிளாட்டினத்தின் மேற்பரப்பிலேயே பற்றி உண்டுவிடுகின்றன. அங்கு நிற்கும் பிராணவாயுவின் அழுத்தம், 1-க்குப் பின் 20 சைபர்களை இட்டால் வரும் எண்ணிற் காற்றுமண்டல அழுத்தத்தைப் பங்கிட்டாற்போன்ற நுண்ணிய அளவிற்கு வந்துவிடும். விகிதம் ஏறக்குறைய பத்தொன்பது முறை பதின்மடங்காகிறது, மின்னழுத்தமும் 0.9 வோல்ட்டை எட்டுகிறது. ஆகவே, கலவை சரியளவைக் கடக்கும் அத்தருணத்தில், மின்னழுத்தம் படிப்படியாக மாறாமல், 0.1 வோல்ட்டினின்றும் 0.9 வோல்ட்டிற்கு ஒரே தாவலாகத் தாவுகிறது. நாம் நாடும் அளவினிடத்திலேயே இத்தாவல் நிகழ்வது இக்கருவியின் பெரும் பயன்.

வண்டியின் கணினி இதனை இடைவிடாது கவனிக்கிறது. மின்னழுத்தம் 0.45 வோல்ட்டிற்கு மேற்பட்டால் பெட்ரோல் மிகுதியென்று அறிந்து குறைக்கிறது. கீழ்ப்பட்டால் குறைவென்று அறிந்து கூட்டுகிறது. இங்ஙனம் கலவை விநாடிக்கு ஓரிரு முறை இப்புறமும் அப்புறமும் சிறிது ஊசலாடிக்கொண்டே நடுநிலையில் நிற்கும். அவ்வூசலைத் தாங்குதற்கென்று சுத்திகரிக்கும் பாத்திரத்திற் சீரியம் ஆக்ஸைடும் சேர்க்கப்படுகிறது. அது பிராணவாயு மிகும்போது சேமித்து, குறையும்போது கொடுத்துதவும். இக்காலத்தில் நமது நாட்டிற் பெட்ரோலுடன் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து விற்கப்படுகிறது. எத்தனாலுக்கு வேண்டிய காற்று அதன் எடையைப் போல் 9 மடங்கே. எரிபொருள் மாறியதை வண்டிக்கு ஒருவரும் அறிவிப்பதில்லை. ஆயினும் புகையை நோக்கும் இக்கருவியின் சொற்கேட்டு, கணினி தன் அளவைத் தானே திருத்திக்கொள்ளுகிறது.

இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது இக்கருவி பேசாது. அதுகாறும் கணினி முன்னரே எழுதிவைத்த அட்டவணையைப் பார்த்தே பெட்ரோலை அளந்து கொடுக்கும். காலையில் வண்டி புறப்பட்ட முதற் சில நிமிஷங்களிற் புகையின் கேடு மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவேதான் தற்காலத்துக் கருவிகளினுள் மின்சாரத்தாற் சூடாக்கும் சிறு அடுப்பொன்றும் வைக்கப்பட்டுள்ளது.

இதன் சரித்திரம் வியக்கத்தக்கது. வால்ட்டர் நெர்ன்ஸ்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1889-ஆம் ஆண்டில், தமது இருபத்தைந்தாம் வயதில், மேற்கூறிய சமன்பாட்டினை வெளியிட்டார். அதன்பின் அதே நூற்றாண்டின் இறுதியில், சிர்க்கோனியம், இட்ரியம் ஆக்ஸைடுகளைக் கலந்த கோல் ஒன்று சூடேறினால் மின்சாரத்தைக் கடத்தி ஒளிவிடுமென்று கண்டு, அதனைக்கொண்டு ஒரு விளக்கினைச் செய்தார். டங்ஸ்டன் இழை விளக்குகள் வந்தபின் அவ்விளக்கு வழக்கொழிந்தது. 1920-ஆம் ஆண்டிற்குரிய இரஸாயன நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அது வேறொரு துறையில் அவர் செய்த வெப்ப ஆராய்ச்சிக்காக. மறக்கப்பட்ட விளக்கின் பொருளும் இளமையில் எழுதிய சமன்பாடும் ஒன்றுசேர்ந்து ஒரு மோட்டார்க் கருவியாகும் என்பதை அவர் கனவினும் கருதியிரார். ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தார் அவ்விரண்டையும் இணைத்துச் செய்த உணர்கருவி, 1976-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவிற்கு ஏற்றுமதியான ஸ்வீடன் தேசத்து வோல்வோ கார்களில் முதன்முதலாக இடம் பெற்றது. காற்றின் விகிதத்தைக் குறிக்கும் லாம்டா என்னும் கிரேக்க எழுத்தினால் அதனை லாம்டா கருவியென்றும் அழைப்பர்.

இக்கருவிக்குக் கொடிய பகை ஈயம். இயந்திரம் இடிப்பதைத் தடுக்கும் பொருட்டு நெடுங்காலம் பெட்ரோலில் ஈயச் சேர்மானம் கலக்கப்பட்டு வந்தது. அவ்வீயம் பிளாட்டினத்தின்மேற் படிந்து கருவியையும் பாத்திரத்தையும் ஒருங்கே செயலற்றவையாக்கும். ஆகவே இவை வந்த நாடெங்கும் ஈயம் விலகவேண்டியதாயிற்று. நமது நாட்டில் 1995-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களிற் புதிய பெட்ரோல் கார்களுக்குச் சுத்திகரிக்கும் பாத்திரம் கட்டாயமாக்கப்பட்டு, ஈயமற்ற பெட்ரோலும் விற்பனைக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தேசமெங்கும் ஈயப் பெட்ரோல் நின்றது. குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்யும் ஈயம் நம் வீதிகளின் காற்றினின்றும் நீங்கியதற்கு இவ்வெண்களிமண் உறுப்பும் ஒரு துணைக் காரணமாயிற்று.

தற்காலக் கார்களில், சுத்திகரிக்கும் பாத்திரத்திற்குப் பின்னே இரண்டாவது உணர்கருவியும் உண்டு. முன்னது கலவையைச் சோதிப்பது. பின்னது பாத்திரத்தைச் சோதிப்பது. பாத்திரம் நன்னிலையிலிருப்பின் பின்னதன் மின்னழுத்தம் பெரிதும் அசையாது நிற்கும். முன்னதைப் போல் அதுவும் ஊசலாடுமாயின் பாத்திரம் சக்தியிழந்ததென்று கொள்ளலாம். மிகுதி, குறைவு என்று மட்டும் சொல்லாமல் எவ்வளவு மிகுதி, எவ்வளவு குறைவு என்றும் உரைக்கும் அகன்ற எல்லைக் கருவிகளும் இப்போது பெருவழக்காய் உள்ளன.

இனி, என் சிறிய தகப்பனாரின் வண்டிக்குத் திரும்புவோம். இக்கருவி அறிவது பிராணவாயு ஒன்றையே. பெட்ரோலை அது அறியாது. பிராணவாயு எஞ்சியிருந்தால், "எஞ்சியிருக்கிறது" என்று சொல்லும். பெட்ரோல் குறைந்ததால்தான் அது எஞ்சிற்று என்பது நாம் கூட்டிக்கொள்ளும் அனுமானம். ஸ்பார்க் பிளக் ஒன்று பொறி விடாமற் போயின், அவ்வறையிற் புகுந்த பெட்ரோலும் பிராணவாயுவும் எரியாமலே வெளிவரும். கருவி பிராணவாயுவைக் கண்டு குறைவென்றே அறிவிக்கும். அவ்வாறே, கருவிக்கு முன்னே குழாயில் வெடிப்பு இருப்பினும் நிகழும். புகை துடிப்புத் துடிப்பாகச் செல்வதாதலின், இரு துடிப்புக்களுக்கு இடையே குழாயின் உள்ளழுத்தம் தாழ்ந்து வெளிக்காற்று உட்புகும். கருவி அக்காற்றின் பிராணவாயுவை உணரும். கணினி பெட்ரோலைக் கூட்டும். வெடிப்போ மேலும் காற்றை விடும். கணினி மேலும் கூட்டும். முடிவில், தான் கூட்டத்தக்க எல்லையைத் தொட்டதும் கணினி மஞ்சள் விளக்கை ஏற்றும்.

சிறிய தகப்பனார் பின்னர் வண்டியை ஒரு வயோதிக மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். நானும் உடன் சென்றேன். அவர் கணினி எதையும் எடுக்கவில்லை. வண்டியை இரவு முழுதும் அங்கேயே விட்டுச் செல்லச் சொன்னார். மறுநாட் காலையில், இயந்திரம் நன்றாகக் குளிர்ந்திருக்கையில் அதனை முடுக்கி, தலையைச் சாய்த்துக் கேட்டார். 'டிக், டிக்' என்று மெல்லிய ஒலி எழுந்தது. இயந்திரம் சூடேற ஏற அவ்வொலி அடங்கிற்று. இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்டு, குழாயின் வளைவில் ஒட்டியிருந்த கரியைத் துணியால் துடைத்தார். அங்கே மயிரிழையளவு வெடிப்பு ஒன்று தெரிந்தது.

"ஐயா, சென்ஸார் மேல் ஒரு குற்றமும் இல்லை. குழாய் வெடித்து வெளிக்காற்று உள்ளே போகிறது. அதைத்தானே அது சொல்லும்?" என்றார்.

குழாயைப் பற்றவைத்ததும் விளக்கு அணைந்தது. பெட்ரோல் செலவும் பழைய அளவிற்குத் திரும்பிற்று. இரண்டு கருவிகளும் மெய்யே கூறின. அம்மெய்யினின்றும் எது பெறப்படும் என்று ஆராயாமல் தீர்மானித்ததே பிழை. ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவியின் முள் ஓர் எண்ணைக் காட்டும்போது, "இக்கருவி உண்மையில் எதனை அளக்கிறது? இவ்வெண் வேறு எக்காரணத்தாலும் வரக்கூடுமோ?" என்று கேட்ட பின்னரே குறிப்புப் புத்தகத்தில் எழுதுதல் நலமென்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. சிறிய தகப்பனார் கழற்றப்பட்ட பழைய சென்ஸாரை என்னிடமே கொடுத்துவிட்டார். அஃது என் மேஜைமேல் இருக்கிறது. பார்க்க விரும்பும் நண்பர்கள் வரலாம்.